டோக்கியோவுக்கு 30 கிலோமீட்டர் வெளியே: காஷிவாவில் குடியிருக்க நினைப்பவர்களுக்கு

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் வீடு தேடும்போது முதலில் கேள்விப்படும் பெயர் நிஷி-கசாய்தான். டோக்கியோவுக்குள்ளேயே இருக்கிறது, இந்திய மளிகைக் கடை உண்டு, இந்தியப் பள்ளி உண்டு, தீபாவளிக்குப் பேச்சுத்துணையும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நாங்கள் பார்த்த வீடுகளின் அளவுக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லாததால் வடகிழக்குப் பக்கம் தள்ளிப் போய், சிபா மாகாணத்தின் காஷிவாவில் குடியேறினோம். "ஏன் அவ்வளவு தூரம்?", "ராத்திரி ரயில் இருக்கா?", "பையனுக்கு ஸ்கூல்?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக. சுமார் 4.3 லட்சம் பேர் வாழும் நகரம். டோக்கியோ மையத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஷோகுன்கள் என்ற ராணுவத் தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் இந்தப் பகுதியின் பெரும்பாகம் அவர்கள் அரசின் குதிரை மேய்ச்சல் நிலம். 1868-ல் பேரரசரின் மெய்ஜி ஆட்சி வந்ததும் வேலையிழந்த சாமுராய்களையும் டோக்கியோ ஏழைகளையும் கொண்டுவந்து விட்டு, நிலத்தைத் திருத்தச் சொன்னார்கள். நகராட்சி ஆனது 1954-ல். அதற்கப்புறம் டோக்கியோவில் வேலை பார்ப்பவர்களுக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகள், அதாவது தாஞ்சிகள், வரிசையாக முளைத்தன. ஹிகாரிகாவோகா 1957-ல், தோயோஷிகிதாய் 1964-ல். காலையில் ஆண்கள் எல்லாரும் ரயிலேறிப் போய் இரவு திரும்பும் ஊராகத்தான் இது வளர்ந்தது.

ஆனால் காஷிவாவில் வீடு எடுக்கலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காஷிவா? ஜோபன் ரயில் பாதையில் இருக்கிற பழைய காஷிவா ஒன்று, சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் பாதையில் இருக்கிற காஷிவானோஹா இன்னொன்று, 2005-ல் இணைக்கப்பட்ட ஷோனான் பகுதி மூன்றாவது. மூன்றிலும் வாழ்க்கை வேறு வேறு. நகரத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த நிலையம், எந்தப் பாதை, நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்பதைப் பாருங்கள்.

ஜோபன் பாதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். காஷிவா நிலையத்தில் ஜோபன் என்ற பெயரில் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. விரைவு வண்டி மட்சுதோ, கிதா-சென்ஜு வழியாக சுமார் அரை மணி நேரத்தில் டோக்கியோவின் உவேனோ போய்விடும். 2015 மார்ச்சிலிருந்து சில வண்டிகள் உவேனோவோடு நிற்காமல் டோக்கியோ நிலையம், ஷினகாவா வரை போகின்றன. மற்றது எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி. அது அயாசேயைத் தாண்டியதும் சியோதா சுரங்க ரயிலாக மாறி ஓதேமாச்சி, காசுமிகாசெகி, ஒமோதேசாந்தோ என்று நேராகப் போகும். நடைமேடையும் வேறு. உங்கள் அலுவலகம் ஓதேமாச்சிப் பக்கம் என்றால் மெதுவாகப் போகும் வண்டியில் மாறாமல் போவதா, விரைவில் ஏறி நடுவில் மாறுவதா என்பது தினசரிக் கேள்வி. மாறுவதாக இருந்தால் மட்சுதோவில் மாறுங்கள். கிதா-சென்ஜுவில் ஜோபன் தரைமட்டத்தில், சியோதா பூமிக்கடியில். காலை நெரிசலில் அந்த இறக்கம் ஒரு தண்டனை.

உட்கார்ந்து போக ஆசையா? மெதுவான வண்டிகளில் பெரும்பாலானவை அபிகோவில் புறப்படுகின்றன. அபிகோவுக்கு அடுத்தது கிதா-காஷிவா, அதற்கடுத்தது காஷிவா. இரண்டாவது நிறுத்தம் என்பதால் காஷிவாவில் இடம் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம், கிதா-காஷிவாவில் கொஞ்சம் நல்ல வாய்ப்பு. கிதா-காஷிவாவில் விரைவு வண்டி நிற்காது, அதனால் வாடகையும் குறைவு. என்னைக் கேட்டால் புத்தகம் படிக்கிறவர்கள், தூங்குகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போகலாம். விரைவு வண்டிகளிலும் இரண்டு வகை உண்டு. பச்சைக் கோடு போட்டவை தோரிதே வரை போய் வருபவை, இவற்றில் கிரீன் கார் என்ற சொகுசுப் பெட்டி கிடையாது. நீலக் கோடு போட்டவை மிதோ பக்கமிருந்து வருபவை, இவற்றில் இரண்டு கிரீன் கார் பெட்டிகள் உண்டு, தனியாகக் காசு கட்டினால் இருக்கை. மாசத்தில் சில நாள், உடம்பு முடியாதபோது, அந்தக் காசு வீண் இல்லை.

இரவில் எதிர்ப்பக்கம் கவனம் வேண்டும். கடைசி நேர வண்டியில் தூங்கிப்போனால் எழுப்ப யாரும் வரமாட்டார்கள். பச்சை வண்டி என்றால் தோரிதேயில் முடிந்துவிடும், நீல வண்டி என்றால் வேறு மாகாணத்துக்குள் வெகுதூரம் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த நேரத்து டாக்சிக் கட்டணத்தில் ஒரு வார மளிகை வாங்கலாம். எதற்கும் போனில் அலாரம்.

சுகுபா எக்ஸ்பிரஸ் வேறு உலகம். 2005 ஆகஸ்டில் திறந்த பாதை, டோக்கியோவின் அகிஹபாராவுக்கும் சுகுபாவுக்கும் இடையில் 58.3 கிலோமீட்டர், மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகும். வழியில் லெவல் கிராசிங் கிடையாது, அதனால் தாமதம் குறைவு. 2017-ல் மினாமி-நகாரேயாமாவில் ஒரு வண்டி 20 வினாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு உலகச் செய்தியானார்களே, அவர்கள்தான் இவர்கள். காஷிவானோஹா கேம்பஸ் நிலையத்தில் முழு விரைவு வண்டி நிற்காது, பகுதி விரைவு நிற்கும். வரைபடத்தில் பார்த்துவிட்டு 'சுகுபாவிலிருந்து 45 நிமிடம், அப்போது பாதி தூரத்துக்கு இருபது நிமிடம்' என்று மனக்கணக்குப் போடாதீர்கள், அகிஹபாராவுக்கு அரை மணி நேரம் வையுங்கள். கட்டணம் ஜோபனைவிடக் கூடுதல். அலுவலகம் பாஸ் வாங்கித் தந்தால் கவலையில்லை, மாணவர்களுக்குக் கைகடிக்கும்.

சின்னதாக ஒரு கிளைக்கதை. ஜோபனில் தோரிதேயைத் தாண்டியதும், சுகுபா பாதையில் மொரியாவைத் தாண்டியதும் மின்சாரம் நேர்மின்னோட்டத்திலிருந்து மாறுமின்னோட்டத்துக்கு மாறும். காரணம், இபராகி மாகாணத்தின் காகியோகாவில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. நேர்மின்னோட்ட ரயில் அந்த அளவீட்டைக் கெடுக்கும். அதனால் இரண்டிலும் ஓடக்கூடிய வண்டிகள் தேவைப்பட்டன, அவற்றின் விலை அதிகம், அதனால்தான் சாதாரண வண்டிகள் பல தோரிதேயோடும் மொரியாவோடும் நின்றுவிடுகின்றன. டோக்கியோ வேலைக்காரர்கள் வீடு வாங்கும் எல்லை எங்கே முடிகிறது என்பதில் ஒரு காந்தமானிக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இந்த இரண்டு பாதைகளையும் இணைப்பது தோபு நோடா பாதை. ஒரு பக்கம் ஓமியா, மறுபக்கம் ஃபுனாபாஷி. காஷிவாவிலிருந்து இரண்டாவது நிறுத்தம் நகாரேயாமா-ஒதாகானோமோரி, அங்கே சுகுபா எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். ஜோபன் நின்றுபோகும் நாட்களில், காற்று, மழை, யாரோ தண்டவாளத்தில் என்று ஏதாவது வரும், அப்போது பழகியவர்கள் நடைமேடையில் காத்திருக்க மாட்டார்கள், சத்தமில்லாமல் தோபு பக்கம் நடந்துவிடுவார்கள். மாற்றுப் பயணம் அறிவித்திருந்தால் மாதப் பாஸ் வைத்திருப்பவருக்கு வேறு கம்பெனி ரயிலில் கூடுதல் கட்டணம் கிடையாது. ஆனால் சுயிகா என்ற பயண அட்டையில் காசு ஏற்றி அதைத் தட்டிப் போகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. தினம் போகிறீர்கள் என்றால் பாஸ் எடுக்க இதுவே போதுமான காரணம். தாமதச் சான்றிதழ் நிலையத்திலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். அலுவலகத்தில் அதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மாதம் 1,50,000 யென் வரை போக்குவரத்துப் படிக்கு வருமான வரி கிடையாது என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் பாஸ் செலவைத் தந்துவிடும், ஆனால் எந்த வழி என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் மனிதவளத் துறையிடம் அந்த வழியைக் கேளுங்கள்.

வீட்டு விஷயம். ஒரு தரகர், பெயர் வேண்டாம், நான் ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "வெளிநாட்டவர்தான், ஆனால் பேசுகிறார்" என்று சொல்லிவிட்டு, வைத்தபின் தலையை ஆட்டினார். இது நடக்கும். மனசை விட்டுவிடாமல் யூஆர் வீடுகளைப் பாருங்கள். இது அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்பு. வீட்டுக்காரருக்குத் திரும்பி வராமல் கொடுக்கும் சாவிப் பணம், தரகுக் கட்டணம், உத்தரவாதம் தருபவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் புதுப்பிப்புக் கட்டணம், நான்கும் கிடையாது. முன்பணம் இரண்டு மாத வாடகை. வருமானம் பொதுவாக மாத வாடகையின் 4 மடங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் 100 மடங்கு சேமிப்பைக் காட்டலாம். காஷிவாவில் இது ரொம்ப வசதி, ஏனென்றால் பழைய தோயோஷிகிதாய் தாஞ்சியை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நாங்கள் இருப்பதும் அப்படியொரு யூஆர் வீட்டில்தான். பல வீடுகளில் ஏசி, அடுப்பு, திரைச்சீலை, சில அறைகளில் மின்விளக்குகூட இருக்காது. எல்லாம் நாம்தான் வாங்க வேண்டும். குடிபோகும் நாளுக்கு முன்பே விளக்கும் அடுப்பும் வாங்கிவிடுங்கள், அடுப்பு வாங்கும்போது அந்த வீட்டின் வாயு வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். 1960-களில் இளம் தம்பதிகளாக வந்தவர்கள் இங்கேயே வயதாகிவிட்டார்கள். டோக்கியோ பல்கலைக்கழகமும் நகராட்சியும் யூஆரும் சேர்ந்து, முதியவர்கள் கடைசிவரை தங்கள் இடத்திலேயே இருக்க முடியுமா என்று இங்கே முயன்று பார்க்கிறார்கள். வீட்டுக்கே வரும் டாக்டர், செவிலியர், வயதானவர்களுக்கு ஏற்ற பகுதிநேர வேலை எல்லாம் அதில் அடக்கம். எங்களுக்கு நேரடி லாபம் வேறு: மாடியில் இருக்கும் பாட்டி எங்கள் பையனுக்கு ஜப்பானிய மொழியில் அதட்டச் சொல்லிக்கொடுத்தது. மொழிக்கு இன்னொரு வழி, நிலையத்துக்குப் பக்கத்தில் பாலெட் காஷிவாவில் இருக்கும் நகரின் சர்வதேச பரிமாற்றச் சங்கம். தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகள். என் மனைவி அங்கே போனதால்தான் எங்களுக்கு ஊரில் ஆள் கிடைத்தது.

காஷிவானோஹா பக்கம் வேறு மாதிரி. போருக்கு முன்னால் ராணுவ விமானத்தளம், அப்புறம் அமெரிக்கப் படையின் தகவல்தொடர்புத் தளம், 1979-ல் முழுதாகத் திரும்பி வந்த நிலம். இப்போது உயரமான கண்ணாடிக் கட்டடங்கள், லாலாபோர்ட் அங்காடி, டோக்கியோ பல்கலைக்கழக வளாகம், புற்றுநோய் மருத்துவமனை. நியூட்ரினோ என்ற நுண்துகள் ஆய்வுக்காக 2015-ல் நோபல் வாங்கிய தகாக்கி கஜிதாவின் காஸ்மிக் கதிர் ஆய்வு நிறுவனம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதிகம், ஆங்கிலம் ஓரளவு செல்லும். சுத்தம், அகலமான நடைபாதை, எல்லாம் சரி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்றால் எனக்குப் பழைய காஷிவாதான். நிலையத்தின் கிழக்கு வாசலில் 1973-ல் கட்டிய மேல்தள நடைபாதை இருக்கிறது, ஜப்பானில் இந்த வகையில் முதலாவது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மாலையில் கிதாரோடு பாடும் பையன்கள், கீழே சந்துகளில் பழைய துணிக்கடைகள். சுழலும் உணவகம் வைத்திருந்த சோகோ பல்பொருள் அங்காடி 2016-ல் மூடிவிட்டது, அந்தப் பக்கம் கொஞ்சம் களையிழந்துதான் இருக்கிறது. ஊர் அணியான ரெய்சோலின் கால்பந்து ஆட்டம் இருக்கும் நாளில் ஊரே மஞ்சள். 2010-ல் இரண்டாம் நிலையில் விளையாடிய அணி, மேலே ஏறிய முதல் வருஷமே, 2011-ல், லீக் பட்டத்தை வாங்கியது. மைதானம் சின்னது, வீரர்கள் பேசுவது காதில் விழும். கால்பந்து புரியாதவர்களும் ஒருமுறை போகலாம்.

குழந்தை ரொம்பச் சின்னது, இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், பக்கத்து ஊரான நகாரேயாமாவையும் பாருங்கள். அம்மாவாக வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று டோக்கியோ ரயில் நிலையங்களில் விளம்பரம் செய்து இளம் குடும்பங்களை இழுத்த நகரம் அது. நிலையத்திலேயே குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம், அங்கிருந்து பேருந்தில் காப்பகங்களுக்குக் கொண்டுபோவார்கள். பள்ளி வயது என்றால் காஷிவா போதும். வெளிநாட்டுப் பிள்ளைகளையும் நகராட்சிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். சைவம் என்றால் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி முதல் நாளே பேசி டிபன் பாக்ஸ் அனுமதி வாங்குங்கள், மீன் சாறு இல்லாத குழம்பே இந்த நாட்டில் அபூர்வம்.

சாப்பாடு என்றதும் ஒரு நல்ல செய்தி. காஷிவா டர்னிப்புக்குப் பெயர்போன ஊர். வெள்ளை வெளேரென்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, கீரையோடு கட்டாக விற்பார்கள். கூட்டுக்கும் சாம்பாருக்கும் அருமை, கீரையைப் பருப்போடு கடைந்துவிடலாம். தெகானுமா ஏரிக்கரையில் ஷோனான் சாலையோரச் சந்தையில் காலையிலேயே போனால் மண் காயாத காய்கறி கிடைக்கும். பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு மட்டும் இணையத்தில் வாங்குவோம், இல்லையென்றால் உவேனோ பக்கம் போகும்போது தூக்கி வருவோம்.

அந்த ஏரிக்கும் காய்கறிக்கும் பின்னால் கதை இருக்கிறது. ஊர் வேகமாகப் பெருகியபோது வீட்டுக் கழிவெல்லாம் தெகானுமாவில் கலந்து, 1974 முதல் 27 வருஷம் தொடர்ந்து ஜப்பானின் மிக மாசுபட்ட ஏரி என்ற பட்டத்தை அது விடவில்லை. 2000-ல் தோனே ஆற்று நீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்து விட ஆரம்பித்த பிறகுதான் மேலே வந்தது. இப்போது கரையோரம் சைக்கிள் ஓட்ட நல்ல பாதை. அடுத்தது 2011. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் மார்ச் மாத மழையோடு கதிர்வீச்சுத் துகள்கள் இங்கே கூடுதலாக இறங்கின. தூரத்தில் இருந்தும் காஷிவாவின் பெயர் செய்திகளில் அடிபட்டது. பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் மேல்மண்ணை அகற்றினார்கள். உணவில் இருக்கும் கதிரியக்கத்துக்கு அரசு வைத்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். இங்கே விவசாயிகளும் வாங்குபவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தங்களுக்கென்று 20 என்று வைத்துக்கொண்டு, வயல் வயலாக அளந்து விற்றார்கள். இங்கே வருவதற்கு முன் இதைப் பற்றி எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. அளவீடுகளை நகராட்சி வெளியிட்டிருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டு வந்தோம். நீங்களும் படித்துவிட்டே முடிவெடுங்கள், யாரோ சொன்னதை வைத்து வேண்டாம்.

வந்தபின் செய்ய வேண்டியவை சிலது. 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரி மாற்றம். குப்பை விதிகளில், பழைய காஷிவாவுக்கும் ஷோனான் பகுதிக்கும் நாட்காட்டி வேறு, ஏனென்றால் அந்தப் பகுதிக் குப்பையை எரிப்பது வேறொரு கூட்டமைப்பு. நண்பர் கொடுத்த தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டாமல் உங்கள் வட்டாரத் தாளை வாங்கி ஒட்டுங்கள். சைக்கிள் நிலையத்தருகே கண்ட இடத்தில் நிறுத்தினால் லாரியில் போய்விடும், மாத வாடகை நிறுத்துமிடத்துக்கு முதலிலேயே பெயர் கொடுங்கள். ஓட்டிக்கொண்டே போன் பார்த்தால் 2024 நவம்பரிலிருந்து கடும் தண்டனை, விளையாட்டில்லை. குடியிருப்பு வரி முந்தைய வருஷச் சம்பளத்தின் மேல், ஜூனில் ஆரம்பிக்கும். முதல் வருஷம் வராது, இரண்டாம் வருஷம் சம்பளம் குறைந்ததுபோலத் தெரியும், அதற்கு இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

நிலநடுக்கம் வந்து ரயில் நின்றால் 30 கிலோமீட்டர் நடந்து வீடு சேர நினைக்காதீர்கள். டோக்கியோ விதிப்படி 2013-லிருந்து நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மூன்று நாள் தண்ணீரும் உணவும் வைத்திருக்க முயல வேண்டும். அங்கேயே தங்குவதுதான் பத்திரம். அதனால் வீட்டில் இருப்பவர் தனியாகச் சமாளிக்க வேண்டும், பள்ளியிலிருந்து குழந்தையை யார் கூட்டிவருவது என்று ஊரில் ஒருவரிடம் முன்பே பேசிவையுங்கள். தினம் வெளியூர் போய்வருபவர்களின் குடும்பத்துக்கு இதுதான் உண்மையான பலவீனம், யாரும் வீடு பார்க்கும்போது இதை யோசிப்பதில்லை.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஞாயிறன்று எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். தரகரிடம் வெள்ள அபாய வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள், 2020-லிருந்து அதை விளக்குவது அவர்கள் கடமை. ஏரி, ஆற்றுப் பக்கத் தாழ்நிலங்களில் கவனம். அப்புறம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வார நாள் காலை, முடிந்தால் மழை நாளில், அந்த வீட்டு வாசலிலிருந்து ஏழரை மணிக்குக் கிளம்பி, நடந்து, வரிசையில் நின்று, விரைவு வண்டியில் அலுவலகம் வரை போய்ப் பாருங்கள். அதையே மெதுவான வண்டியிலும் ஒருநாள். பிறகு முன்பணம் கட்டலாம்.